முதலில் புக், அப்புறம்தான் பைக்: கொழும்பில் பழைய ட்ரெயில் பைக் வாங்குவது எப்படி

கொழும்பில் பழைய ட்ரெயில் பைக் (ரோட்டிலும் காட்டுப்பாதையிலும் ஓடும் பைக்) ஒன்றுக்கு நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அதன் புக்குக்குத்தான், அதாவது பதிவுப் புத்தகத்துக்குத்தான், போகிறது. இன்ஜின் பழுதை நல்ல பாஸ் (மெக்கானிக்) ஒருவர் செய்து தந்துவிடுவார். புக்கில் பிழை இருந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பைக் பார்க்க என்னைக் கூட்டிப் போகும் தம்பிமாரிடம் முதலில் புக்கின் படத்தை வாட்ஸ்அப்பில் கேட்கச் சொல்வேன். அனுப்பத் தயங்குகிறவரின் வீட்டுக்குப் பெற்றோல் எரித்துப் போகத் தேவையில்லை.

இந்த ரகப் பைக்குகளில் பல ஜப்பானில் இருந்து பாட்ஸாக வந்து இங்கே கூட்டப்பட்டவை. கூட்டியவர் அதற்கு எப்போதோ செத்துப்போன ஒரு பைக்கின் நம்பரை மாட்டியிருப்பார். இதைப் பிடிக்க சேஸிஸ் நம்பரின் தொடக்கம் போதும். ஹொண்டா எக்ஸ்ஆர்250, அதன் இரட்டை லைட் வடிவமான பாஜா இரண்டுக்கும் 1995இல் இருந்து 'எம்டி30' என்று தொடங்கும். 1980களில் பதிவான நம்பரில் எம்டி30 நின்றால் கதை விளங்கிவிடும். புக்கில் 125 சிசி, ரோட்டில் 250 சிசி என்ற கூத்தும் உண்டு. விலை மலிவாகத்தான் இருக்கும். ஆனால் விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும், பொலிஸ் சோதனையில் பைக்கே போகும்.

நேரில் போனதும் ஹேண்டில் கழுத்தில் டோர்ச் அடித்து, தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, சேஸிஸ் நம்பரை எழுத்துக்கு எழுத்து புக்கோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் நம்பரையும் அப்படியே. அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், கிரைண்டர் கீறல், வெல்டிங் ஏதும் கண்டால் விற்பவர் தரும் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் திரும்பிவிடலாம். புக்கில் 'அப்சொலூட் ஓனர்' என்ற இடத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்தது என்று அந்தக் கம்பெனி தரும் கடிதம் வேண்டும். "ஓபன் பேப்பர்தான் மல்லி, ஒக்கோம கிளியர்" என்று, அதாவது வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட மாற்றப் பத்திரம்தான் தம்பி, எல்லாம் சரி என்று, சிரிப்பவரிடம், பேப்பரில் கையெழுத்துப் போட்டவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். அவர் இத்தாலியில் இருந்தால் தலையிடி உங்களுடையது.

சரி, எந்தப் பைக்? உண்மையைச் சொன்னால் கிழமை நாளில் கொழும்பின் காலி வீதி நெரிசலில்தான் ஓடப்போகிறீர்கள், மீமுரே மாதிரி மலைக் கிராமத்துப் பக்கம் போவது எப்போதாவது. அதற்கு யமஹா செரோ 225 தாராளம். சீட் 810 மில்லிமீட்டர்தான், நடுத்தர உயரக்காரருக்கும் இரண்டு காலும் தரையில் படும். எல்லாருக்கும் பாஜா மேல் கண். அந்த இரண்டு லைட்டுக்காகவே விலை ஏறி நிற்கிறது என்பது என் எண்ணம். தூரம் போகிறவருக்கு சுசுகி ஜெபெல் 250எக்ஸ்சி பொருந்தும், 17 லீட்டர் டேங்க். யமஹா டிடபிள்யூ200 பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பின் டயர் 180/80-14. அந்த அளவு எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்டுவிட்டு ஆசைப்படுங்கள். பழைய ஜப்பான் பைக்கோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பார்க்கலாம்.

பைக்கைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டில் ஏதோ மறைக்கிறார். எம்டி30இல், அதாவது அந்த எக்ஸ்ஆர்250, பாஜா இரண்டிலும், ஒரு நுணுக்கம்: ஆயில் பிரேமுக்குள் இருக்கிறது. குளிரில் டிப்ஸ்டிக் குறைத்துக் காட்டும், அதை நம்பி அளவுக்கு மேல் ஊற்றி வைப்பவர்கள் உண்டு. சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகுதான் பார்க்க வேண்டும். பிறகு பின் சில்லைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். டக் டக் என்றால் பின் சஸ்பென்ஷனின் லிங்க் பெயாரிங் போய்விட்டது. முன் சில்லைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் கொழுவி நின்றால் கழுத்து பெயாரிங் போய்விட்டது. ஹேண்டில் முட்டி நிற்கும் கட்டை உடைந்தோ வளைந்தோ இருந்தால் நன்றாக விழுந்த பைக். மீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம், கேபிளைக் கழற்றினால் அது நின்றுவிடும்.

2025 நவம்பர் கடைசியில் களனி கங்கை பெருகியதற்குப் பிறகு நான் ஹெட்லைட்டையும் கழற்றிப் பார்க்கிறேன். உள்ளே காய்ந்த சேற்றுக்கோடு, வயர் பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் வெள்ளத்தில் நின்ற பைக். கடலோரத்தில் நின்றதை ஸ்போக்கில் ஏறிய துரு காட்டிக்கொடுக்கும். கடைசியாக, தெமட்டகொட மாதிரி நெரிசலில் சூடேறும்வரை ஓட்டி, நிறுத்தி, உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். காற்றால் குளிரும் இன்ஜினின் குணம் அப்போதுதான் தெரியும்.

விலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில் திறந்தது. இடையில் ஏறிய விலையை மனதை விட்டு இறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் இக்மன், ரியசெவன என்ற விளம்பரத் தளங்கள் இரண்டிலும் அதே மாடலைச் சில கிழமைகள் கவனியுங்கள். சீக்கிரம் காணாமல் போகும் விளம்பரத்தின் விலைதான் சந்தை விலைக்குக் கிட்ட வரும். மாதக்கணக்கில் தொங்குவது விற்பவரின் கனவு. பிறகு பைக்கில் கண்ட குறைகளுக்குப் பஞ்சிகாவத்தை பாட்ஸ் கடைகளில் விலை கேட்டு, பாஸின் கூலியும் சேர்த்துக் கூட்டுங்கள். நல்ல நிலைப் பைக் 8 இலட்சத்துக்குப் போகிறது, டயர், செயின் செட், பெயாரிங் எல்லாம் 90 ஆயிரம் வருகிறது என்று வைத்தால், உங்கள் உச்சம் 7 இலட்சத்துப் பத்தாயிரம். ஆறரையில் பேச்சைத் தொடங்குங்கள். கடைக்காரர் எழுதித் தந்த துண்டைக் காட்டிப் பேசினால் விற்பவரும் கோபிக்க மாட்டார். கூடுதலாகப் போட்ட எல்இடி, சத்தமான சைலன்சர் எதற்கும் ஒரு சதமும் சேர்க்க வேண்டாம். கழற்றிய ஒரிஜினல் சைலன்சரைத் தந்தால் அதற்கு வேண்டுமானால் கொஞ்சம் கொடுக்கலாம்.

காசு கைமாறுவது புக்கில் பெயர் உள்ளவரோடுதான் இருக்கட்டும். அவருடைய அடையாள அட்டைப் பிரதி, ரெவினியூ லைசன், புகைப் பரிசோதனைச் சான்று எல்லாம் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்துக்கு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அந்தக் கிழமையே போய்விடுங்கள்.