தினமும் மூச்சிரைக்க ஓடினால்தான் இதயம் பலப்படுமா?

நவம்பர் பிறந்தால் மும்பை மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் புது ஷூக்களாகக் கண்ணில் படும். ஜனவரி மூன்றாம் ஞாயிறு மும்பை மாரத்தான். அதில் அரை மாரத்தானுக்கோ பத்து கிலோமீட்டருக்கோ பெயர் கொடுத்துவிட்டு செம்பூர், சயான், முலுண்ட் என்று பல இடங்களிலிருந்தும் நம்மாட்கள் விடியற்காலையில் வந்து இறங்குவார்கள். வருடா வருடம் ஆள் புதுசு, தப்பு மட்டும் அதே பழைய தப்பு.

சாப்பிட்டவுடன் ஓடாதே, தண்ணீர் குடி, நல்ல ஷூ வாங்கு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆரோக்கியமான ஆளின் இதயத்தைப் பயிற்சி எப்படி மாற்றுகிறது என்பது பிடிபடாததால் வருகிற தவறுகள் மட்டும் இங்கே.

எல்லா நாளும் ஒரே மூச்சாக ஓடுவது

இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. செம்பூர் தம்பி ஒருவர், முப்பது வயது. தினமும் 5 கி.மீ. ஓடுவார், தினமும் நேற்றைய நேரத்தை முறியடிக்கப் பார்ப்பார். மணிக்கட்டு வாட்ச்சில் நிமிடத்துக்கு 172 துடிப்பு. மெதுவாக ஓடச் சொன்னால், "வேர்வையே வராதேண்ணா" என்பார். மும்பையில் வேர்வைக்காக ஓடவே வேண்டாம், தாதர் பிளாட்பாரத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும்.

கணக்கைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. ரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். நீண்ட நாள் முறையாகப் பயிற்சி செய்தவருக்கு ஒரு துடிப்புக்கு 90, 100 மி.லி. வரை போகும். அதே 5 லிட்டருக்கு 50, 55 துடிப்பு போதும்.

இந்த அளவு கூடுவதில் முதல் பங்கு பிளாஸ்மாவுக்கு, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதிக்கு. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே அது அதிகரிக்கிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் கூடக் கூட, இடது கீழறை நன்றாக நிரம்பி, விரிந்து, ஓங்கி அமுக்குகிறது. மாதக்கணக்கில் இப்படி நிரம்பியே அந்த அறை சற்றுப் பெரிதாகிறது.

இதற்கு நாக்குத் தள்ள ஓட வேண்டியதில்லை. பயிற்சி இல்லாத ஆளுக்கு, தன் உச்ச சக்தியில் பாதியைத் தொடும்போதே ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் கிட்டத்தட்ட முழு அளவை எட்டிவிடும். அதற்கு மேல் வேகம் கூட்டினால் ஏறுவது பெரும்பாலும் துடிப்பின் எண்ணிக்கைதான். அறையை நிரப்பி விரிக்கும் வேலை மெது ஓட்டத்திலேயே நடப்பதால், அதில் எத்தனை நிமிடம் இருக்கிறோம் என்பதே முக்கியம். தம்பி 27 நிமிடத்தில் சுருண்டுவிடுகிறார். மெதுவாக ஓடுகிறவர் 50 நிமிடம் ஓடிவிட்டு மறுநாளும் வருகிறார்.

நஷ்டம் காலில்தான் தெரியும். பிளாஸ்மா வாரக்கணக்கில் மாறும். தசைநாணும் கீழ்க்கால் எலும்பும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். நெஞ்சு தயார், கால் தயாரில்லை என்கிற இந்த இடைவெளியில், நாலைந்து வாரத்தில், முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் உள்ளோரத்தில் வலி பிடிக்கும். விரலால் அமுக்கிப் பாருங்கள். அரைச் சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஓய்வில் சரியாகும். ஒரே புள்ளியில் சுருக்கென்றால் எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது, எலும்பு மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். தம்பிக்கு இரண்டாவது வகை. ஆறு வாரம் ஓட்டமே கிடையாது. கூடிய பிளாஸ்மா அதற்குள் வடிந்துவிடும்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு திருக்குறள் போதும். ஓடிக்கொண்டே, நடுவில் மூச்சு வாங்காமல் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் வந்தால் வேகம் சரி. மூன்றாவது சீரிலேயே திணறினால் குறையுங்கள். பாட்டே பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம். பலருக்கு இந்த வேகத்தில் தொடர்ந்து ஓட வராது. 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 30 நிமிடம், வாரத்துக்கு நாலு நாள். சேலை கட்டி நடக்கும் மாமிகள் முந்திக்கொண்டு போவார்கள், போகட்டும்.

வேக ஓட்டம் வீண் என்று சொல்லவில்லை. குறைந்த நேரத்தில் உச்சத் திறனை ஏற்ற அதுதான் வழி. ஆனால் முதல் எட்டு வாரம் முடியட்டும், அதுவும் வாரத்தில் ஒரே நாள். 10 நிமிடம் உடலைச் சூடேற்றிவிட்டு, 4 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெது ஓட்டம், இப்படி நாலு முறை. நாலாவது முறையும் முதல் முறையின் வேகம் வரவேண்டும். வரவில்லையென்றால் முதல் முறையிலேயே அளவுக்கு மீறி வேகமாக ஓடிவிட்டீர்கள்.

மே மாதத்தில் ஜனவரி வேகம்

காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை உலராமல் வழிந்தோடும், உடல் சூடு இறங்காது. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது. வேர்வையால் பிளாஸ்மாவும் குறைகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால், அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 10, 15 துடிப்பு கூடுதலாக வேண்டும். ஓட ஓட இது ஏறிக்கொண்டே போகும். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதை ஏப்ரலிலிருந்து மறந்துவிடுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் போயிருக்கிறது.

220-லிருந்து வயதைக் கழித்துவிட்டு நம்புவது

அந்தக் கணக்கில் வருவதுதான் உச்சத் துடிப்பு, அதாவது இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் துடிக்கும் எண்ணிக்கை, என்பார்கள். 40 வயதுக்கு 180 என்பது சராசரி. 10, 12 துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சர்வசாதாரணம். உச்சத் துடிப்பு பயிற்சியால் ஏறுவதும் இல்லை. மணிக்கட்டு வாட்ச்சுக்கு இன்னொரு கோளாறு உண்டு. கை ஆட்டத்தைத் துடிப்பு என்று எண்ணிவிடும். மெதுவாக ஓடும்போதும் 165, 170 என்றே நின்றால், ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்கும். துல்லியம் வேண்டுமென்றால் துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டை வாங்குங்கள்.

ஓய்வுத் துடிப்பு 52 என்று பயப்படுவது

தலைசுற்றலோ மயக்கமோ இல்லாமல், மாதக்கணக்கில் ஓடி வந்தது என்றால் நல்லதுதான். காலையில் எழுந்திருக்கும் முன் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். வழக்கத்தைவிட 8, 10 கூடியிருந்தால் தூக்கம் போதாமல் இருக்கலாம், அல்லது காய்ச்சல் வரப்போவதாக இருக்கலாம்.

காய்ச்சலோடு ஓடுவது

கூடவே கூடாது. வைரஸ் இதயத் தசையையும் தாக்கியிருக்கலாம், ஓட்டம் அதை மோசமாக்கும்.

ஓடி முடித்ததும் சட்டென்று நிற்பது

ரத்தம் காலிலேயே தேங்கித் தலைசுற்றும். 5 நிமிடம் நடங்கள்.

மூச்சை அடக்கி எடை தூக்குவது

அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் 300-ஐயும் தாண்டலாம். தூக்கும்போது மூச்சை விடுங்கள்.

ஈ.சி.ஜி. நார்மல், அதனால் எனக்கு ஒன்றுமில்லை

படுத்துக்கொண்டு எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருந்தும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், மயக்கம், நெருங்கிய உறவில் இளவயதில் திடீர் மரணம், சர்க்கரை, பி.பி., புகை. இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர், பிறகு ஷூ.

மழைக்காலம் முழுக்க நிறுத்திவிடுவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாதம் முழுசாக விட்டுவிட்டு, அக்டோபரில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தபோது, வயது குறைத்திருந்த திறனைவிட அந்த 3 வாரப் படுக்கை குறைத்தது அதிகம் என்று தெரிந்தது.

தண்ணீர் தேங்கிய தெருவில் ஓடச் சொல்லவில்லை, பில்டிங்கில் படி இருக்கிறது. லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி ஜெர்ரி மாரிஸ் 1953-ல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்தே இருந்த டிரைவர்களைவிட, டபுள் டெக்கரில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. 20 நிமிடம், நடந்தே ஏறுங்கள். முழுப் பாதமும் படியில் பதியட்டும், கைப்பிடியை இழுத்து ஏறாதீர்கள். முதல் இரண்டு வாரம் லிஃப்ட்டில் இறங்குங்கள். வாட்ச்மேன் சிரிப்பார். ஆனால் முழங்காலுக்கு அடி விழுவதும், மறுநாள் தொடை கட்டிக்கொள்வதும் இறங்கும்போதுதான்.