சாந்தியாகோ போகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

ஸ்பெயினின் கிறிஸ்தவ யாத்திரைத் தலமான சாந்தியாகோ தே கம்போஸ்டெலாவில், இயேசுவின் சீடரான புனித சந்தியாகப்பர் (யாக்கோபு) திருநாள் ஜூலை 25. அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அந்த வருஷம் முழுதும் யாத்ரீகர்களுக்குச் சிறப்பான புனித ஆண்டு, அடுத்தது 2027. அந்த வருஷம் கூட்டம் அலைமோதும். அறையைப் பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

பேராலயத்துக்குள் முதுகுப்பையோடு விடமாட்டார்கள். பகல் 12 மணி யாத்ரீகர் பூசைக்கு வந்து இதனால் வாசலிலேயே திரும்பிப் போகிறவர்கள் உண்டு. பையை அறையிலோ காசு கட்டிப் பொருள் வைக்கும் இடத்திலோ விட்டுவிட்டு, சீக்கிரமே போய் உட்காருங்கள்.

போத்தாஃபுமெய்ரோ என்ற பிரம்மாண்டமான தூபக்கலசம் தினமும் ஆடாது. முக்கியத் திருநாள்களில்தான் உறுதி. எட்டுப் பேர் கயிறு இழுக்க, அது பீடத்துக்கு முன்னால் இடமும் வலமுமாகக் கூரை வரை எழும்பும். ஆகவே நடு வரிசையைவிட, சிலுவை வடிவக் கட்டடத்தின் பக்கக் கைகளில் இடம் பிடியுங்கள். தலைக்கு மேலேயே பறந்து போகும். பார்க்க வேண்டிய காட்சி!

சாந்தியாகோவுக்கு நடந்து வந்து யாத்திரைச் சான்றிதழ் வாங்க நினைப்பவர்கள் குறைந்தது 100 கிலோமீட்டர் நடக்க வேண்டும், சைக்கிள் என்றால் 200. பலரும் 100 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள சாரியா என்ற ஊரில் தொடங்குகிறார்கள். யாத்ரீகர் அட்டையில் வழியில் தினம் இரண்டு முத்திரை வாங்க மறக்காதீர்கள். ஒன்றோடு நிறுத்தினால் சான்றிதழ் சிக்கலாகும். மழைக்கோட்டு கோடையிலும் தேவை.