அரிசியும் பருப்பும் சாதத்தைக் கொண்டு சிறுகுடல் செரிமானத்தைக் கற்பிக்கும் முறை

கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டப் பள்ளிகளில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள், உறுப்புகளின் பெயர்களை விட்டுவிட்டு, பிள்ளைகள் வீட்டில் உண்ணும் அரிசியும் பருப்பும் சாதத்திலிருந்து தொடங்கலாம். அரிசியில் மாவுச்சத்து, துவரம்பருப்பில் புரதம், மேலே ஊற்றும் நெய்யில் கொழுப்பு எனச் சிறுகுடல் செரிக்க வேண்டிய மூன்றும் ஒரே தட்டில் இருக்கின்றன.

செரிமானம் முழுவதும் இரைப்பையிலேயே முடிந்துவிடுகிறது என்ற எண்ணத்தை முதலில் களைய வேண்டும். இரைப்பை உணவைக் கூழாக்கி, புரதத்தை ஓரளவு சிதைத்து, அமிலத்தோடு சிறிது சிறிதாக முன்சிறுகுடலுக்குள் அனுப்புகிறது. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமே உள்ள அந்தப் பகுதியில், கணையநீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறித்த பின்னரே, உணவைச் சிறு மூலக்கூறுகளாக உடைக்கும் கணைய நொதிகள் நன்கு வேலை செய்யும். இந்த வரிசையைச் சொல்லாமல் நொதிகளின் பட்டியலை மட்டும் ஒப்புவிக்கச் செய்வது பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

கொழுப்புச் செரிமானத்துக்கு உதவும் பித்தநீரின் வேலையைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். செய்து காட்டிவிட வேண்டும். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு தண்ணீரும் ஒவ்வொரு கரண்டி கடலை எண்ணெயும் ஊற்றி, ஒன்றில் மட்டும் பாத்திரம் கழுவும் திரவ சோப்பைச் சில துளிகள் விட்டு, இரண்டையும் ஒரே அளவு கலக்கிச் சில நிமிடங்கள் விட்டுவைக்கவும். சோப்பில்லாத டம்ளரில் எண்ணெய் மீண்டும் மேலே திரளும். மற்றதில் நுண்துளிகளாகப் பரவி, வெண்மையாகக் கலங்கி நிற்கும். பித்த உப்புகளும் நெய்யை இவ்வாறே நுண்துளிகளாக்குகின்றன. துளிகள் சிறுத்தனவே தவிர, கொழுப்பு இன்னும் செரிக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பித்தநீரில் செரிமான நொதி கிடையாது. பரப்பு பெருகிய அத்துளிகளைக் கணையத்தின் லிப்பேஸ் நொதிதான் கொழுப்பு அமிலங்களாகவும் மோனோகிளிசரைடுகளாகவும் உடைக்கிறது.

மாவுச்சத்தைக் கணைய நொதியான அமைலேஸ் சிறு சர்க்கரைகளாக்க, குடல் சுவரிலுள்ள மால்டேஸ் முதலிய நொதிகள் குளுக்கோஸாக முடிக்கின்றன. டிரிப்சின் என்ற கணைய நொதி துண்டாக்கும் பருப்பின் புரதமும் இவ்வாறே அமினோ அமிலங்களாகிறது.

உறிஞ்சுதலுக்கு, சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளில் ஒன்றைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்து, நடுவிலுள்ள நிணநீர்க் குழலையும் சுற்றியுள்ள இரத்த நுண்குழாய்களையும் வெவ்வேறு நிறச் சுண்ணக்கட்டியால் காட்டவும். குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் இரத்தத்தின் வழியே கல்லீரலுக்குச் செல்ல, நெய்யின் கொழுப்பில் பெரும்பகுதி நிணநீரில் புறப்படுகிறது.

வகுப்பு முடியும் முன், பித்தப்பை அகற்றப்பட்டவருக்கு நெய் செரிக்குமா என்று கேட்கலாம். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல் என்றும், பித்தப்பை அதைச் சேமிக்கும் இடம் மட்டுமே என்றும் விளங்கிக்கொண்ட மாணவர், செரிக்கும் என்று காரணத்தோடு விடை சொல்வார்.