ஜெர்மனியில் 'மதம்' என்ற கட்டத்தை நிரப்பும் முன்

வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள், படிவம், அவ்வளவுதான். வரி எண் தபாலில் வந்துவிடும். படிவத்தில் மதம் கேட்கும் கட்டம் வந்தால் மட்டும் பேனாவை நிறுத்துங்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். பள்ளி டி.சி. தொடங்கி எல்லாவற்றிலும் 'ஆர்.சி.' (ரோமன் கத்தோலிக்கர்) என்று எழுதிப் பழகிய கை, இங்கேயும் எழுதிவிட்டது. சம்பளச் சீட்டில் 'கிர்ஷென்ஸ்டொயர்' என்று 61 யூரோ பிடித்திருந்தார்கள். ஏதோ இன்சூரன்ஸ் என்று ஏழு மாதம் சும்மா இருந்தேன். திருச்சபை வரியாம்! வருமான வரியில் 9 சதவீதம். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் மட்டும் 8. 1919-இல் ஜெர்மனியின் பழைய 'வைமார்' அரசியலமைப்பு சபைகளுக்குத் தந்த இந்த உரிமையை 1949-இல் வந்த புது அரசியலமைப்பிலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வரித்துறையே வசூலித்து, தன் கூலியைக் கழித்துக்கொண்டு, சபைக்குக் கொடுக்கும். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பாக்கி வைத்தால் கமிட்டிக்காரர் திண்ணையில் வந்து உட்காருவார், நாமும் இழுத்தடிக்கலாம். இங்கே பணம் கைக்கு வரும் முன்பே போய்விடும்.

இந்துக்களுக்கும் இஸ்லாமியருக்கும் இந்தத் தொல்லை இல்லை. சி.எஸ்.ஐ.காரர்கள் 'எவாங்கேலிஷ்' (புராட்டஸ்டன்ட்) என்று எழுதினால் இதே கதைதான்.

கோபத்தில் நான் செய்ததுதான் பெரிய தப்பு. எங்கள் மாநிலத்தில் உள்ளூர் நீதிமன்றத்தில் 30 யூரோ கட்டிக் கையெழுத்துப் போட்டால் சபையிலிருந்து விலகிவிடலாம். பத்து நிமிட வேலை. கட்டிய பணம் திரும்பாது. அப்புறம் நண்பர் தன் மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்கக் கூப்பிட்டார். அதற்குப் பங்குக் கோவிலில் சான்று கேட்டேன், தர முடியாது என்றார்கள். விலகியவருக்கு நற்கருணையும் கிடையாது, ஞானத்தகப்பனாகவும் நிற்க முடியாது என்று 2012-இலேயே ஜெர்மன் ஆயர்கள் ஆணை போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "வேதத்தை விட்டுட்டியா?" "வரியத்தாம்மா விட்டேன்." ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

ஞானஸ்நானம் பெற்றுவிட்டு 'மதம் இல்லை' என்று பொய் எழுதவும் வேண்டாம், பின்னால் சிக்கல். வீட்டில் பேசி முடிவெடுங்கள். கட்டுவதென்றால் வருட வரிக் கணக்கில் அதைக் கழித்துக் காட்டலாம், நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். விலகுவதென்றால் அந்தச் சான்றிதழைத் தொலைக்காதீர்கள். வேறு ஊருக்கு மாறும்போது மறுபடி கேட்பார்கள். என்னுடையது பாஸ்போர்ட் உறையிலேயே இருக்கிறது.