‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்லாதீர்கள்: பிரிட்டனில் பார்சல் வாங்கிப் பட்ட பாடு

இந்த நாட்டுக்கு வந்த முதல் தீபாவளி, 2022. தீபாவளிக்குக் கும்பகோணம் போக விடுமுறை கிடைக்கவில்லை. சரி, புடவையாவது ஊர்ப் புடவையாக இருக்கட்டும் என்று சென்னைக் கடை ஒன்றில் ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். எனக்கு ஒரு பட்டுப்புடவை 12,500, அவருக்கு வேட்டி 1,500, மகளுக்குத் தைத்த பட்டுப்பாவாடை 4,000. மொத்தம் 18,000 ரூபாய், அன்றைய கணக்கில் 190 பவுண்டு சுமார்.

பணம் கட்டிய அன்று மாலையே கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டார்கள்: “மேடம், கிஃப்ட்னு போட்டு வேல்யூவைக் கம்மியா காட்டிடவா? உங்களுக்கு டாக்ஸ் வராது.” அடடா, என்ன அக்கறை என்று நினைத்தேன். ‘பில் இல்லாம எவ்வளவு?’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். உடனே சரி என்று எழுதிவிட்டேன்.

கதையைத் தொடரும் முன் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி 1 முதல், வெளிநாட்டுக் கடையில் வாங்கும் சரக்கு 135 பவுண்டு வரை இருந்தால் 20% வாட்டை (மதிப்புக் கூட்டு வரி) விற்பவரே பணம் கட்டும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். சுங்க வரி கிடையாது. அதைத் தாண்டினால் வாட், சுங்க வரி இரண்டையும் பார்சல் இங்கே வந்தபின் உங்களிடம் கேட்பார்கள். 135 என்பது ஒரு பொருளின் விலை இல்லை, பெட்டியில் இருக்கும் மொத்தச் சரக்கின் விலை. வரிக் கணக்கில் தபால் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேரும். சுங்க வரியையும் சேர்த்துத்தான் அதன் மேல் வாட் போடுவார்கள். வரிக்கு மேல் வரி. வட அயர்லாந்தில் சில விதிகள் வேறு, அங்கே இருப்பவர்கள் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ‘கிஃப்ட்’. அன்பளிப்புக்கு இங்கே உண்மையிலேயே சலுகை உண்டு: 39 பவுண்டு வரை வாட் இல்லை. ஆனால் அது ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்கு, பிறந்தநாள், பண்டிகை போன்ற ஒன்றுக்காக அனுப்பியதாக இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கானதாக இருக்க வேண்டும். அனுப்புபவர் இடத்தில் கடையின் பெயர் இருந்தால் அது அன்பளிப்பு ஆகாது. உங்கள் சித்தப்பாவே காசு கொடுத்து, கடையிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாலும் ஆகாது. சித்தப்பா கையில் வாங்கி, அவர் பெயரில் அனுப்ப வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் பார்சலின் சுங்கப் படிவத்தில் ‘கிஃப்ட், 3,000 ரூபாய்’. அனுப்புநர், ஜவுளிக்கடை. இது போதாதென்று பெட்டிக்குள்ளேயே 18,000 ரூபாய்க்கு அச்சடித்த பில்லையும் மடித்து வைத்திருந்தார்கள். கூடவே ஒரு காலண்டர். சுங்கத்தில் பெட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், பிறகென்ன? இரண்டு வாரம் இழுத்தடிப்பு, ‘விலைக்கு ஆதாரம் அனுப்பு’ என்று மின்னஞ்சல்கள், கடைசியில் முழு விலைக்கும் தபால் செலவுக்கும் சேர்த்து வரி, அதற்கு மேல் கூரியர்காரரின் சேவைக் கட்டணம். எழுபது பவுண்டைத் தாண்டிவிட்டது. தீபாவளியும் தாண்டிவிட்டது. அன்று நாங்கள் ஜீன்ஸும் ஸ்வெட்டருமாக ஈஸ்ட் ஹாம் கோவிலுக்குப் போய் வந்தோம்.

கடைக்குப் போன் செய்தேன். “மத்தவங்களுக்கெல்லாம் போயிருச்சே மேடம்” என்றார்கள். அவர்களுக்கு என்ன, சரக்கு விற்றாயிற்று. இங்கேயுள்ள விதிப்படி, விற்பவர் படிவத்தைச் சரியாக நிரப்புகிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது வாங்குபவர். பொய்யாக எழுதியிருந்தால் பார்சலைப் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு. வரி கட்டி வாங்கியதே என் நல்ல நேரம். அதோடு, பார்சல் தொலைந்திருந்தால் படிவத்தில் எழுதிய 3,000 ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்க எனக்கு எந்த வாயும் இருந்திருக்காது. ஆகவே ஆர்டர் போடும்போதே ‘உண்மையான விலையை எழுதுங்கள், பில்லைப் பெட்டியின் வெளியே ஒட்டுங்கள்’ என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள்.

ஒரே ஒரு ஆறுதல். சிறுவர் உடைக்கு இங்கே வாட் இல்லை. மகளின் பாவாடைக்கும் போட்டிருந்தார்கள். வரியைத் திரும்பக் கேட்கும் சி 285 படிவம் நிரப்பி, அளவையும் படத்தையும் இணைத்து அனுப்பினேன். அந்த வாட் திரும்பி வந்தது. கூரியரில் இல்லாமல் இங்கேயுள்ள தபால் சேவைகளான ராயல் மெயில், பார்சல்ஃபோர்ஸ் வழியாக வந்த பார்சலுக்கு பி.ஓ.ஆர். 286 என்று வேறு படிவம். தைக்காத பாவாடைத் துணி என்றால் இந்தச் சலுகை கிடைக்காது, அது உடை இல்லை, துணி.

அடுத்த வருடம் அம்மா அனுப்பினார். மணத்தக்காளி வற்றல், சாம்பார்ப் பொடி, முறுக்கு, ஒரு சுங்குடிப் புடவை. (நெய்யும் வைக்கிறேன் என்றார், தடுத்துவிட்டேன், இந்தியாவிலிருந்து பால் பொருள் எதையும் தபாலில் வரவழைக்கக் கூடாது.) தனி மனிதர், பண்டிகை, எல்லாப் பொருத்தமும் இருந்தது. மொத்தமாகப் பார்த்தால் 2,500 ரூபாய், 25 பவுண்டு. நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் வாசலில் அட்டை கிடந்தது: வாட்டோடு ராயல் மெயிலின் கையாளும் கட்டணம் 8 பவுண்டும் சேர்த்து, கிட்டத்தட்ட 18 பவுண்டு கட்டு என்று.

அம்மா படிவத்தில் விலை 5,000 என்று எழுதியிருந்தார். 39ஐத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் இல்லை, முழுத் தொகைக்கும் வாட். ஏனம்மா இப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

“லண்டன்ல இருக்கிற பொண்ணுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அனுப்பறேன்னு போட்டா போஸ்ட் ஆபீஸ்ல என்னடி நினைப்பாங்க?”

18 பவுண்டைக் கட்டிவிட்டு வந்து முறுக்கைப் பிரித்தேன். பாதி உடைந்திருந்தது.