வண்டி சாயுதுன்னு உடனே ஸ்பிரிங்ல கை வைக்காதீங்க: பாடி ரோல் செட்டிங், மொதல் பாடம்

வளைவுல திருப்பும்போது வண்டி வெளிப்பக்கமா சாயுதே, அதான் பாடி ரோல். இதுக்கு எல்லாரும் மொதல்ல பண்றது வண்டியோட உயரத்த எறக்கி விடுறது, நானும் அப்டித்தான் பண்ணேன், பாக்க செமயா இருந்துச்சு ஆனா சாயுறது பெருசா குறையல. ஏன்னா மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணா இருக்குற சஸ்பென்ஷன்) வண்டிய ரொம்ப எறக்கினா வெயிட்டோட மையம் எறங்குறத விட ரோல் சென்டர், அதாவது வண்டி எந்தப் புள்ளிய சுத்தி சாயுதோ அது, அதிகமா எறங்கிடும், ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடும், வண்டிய சாய்க்கிற நெம்புகோலே அந்த தூரந்தான்.

ஸ்டெப் 1: டயர் சூடாகுறதுக்கு முன்னாடி காத்து செக் பண்ணுங்க. சஸ்பென்ஷன்ல இருக்குற புஷ் (ரப்பர் உருளை), லிங்க் (இணைப்புக் கம்பி) தேஞ்சிருந்தா மாத்திட்டு வாங்க, இல்லன்னா மீதி எல்லாம் வீண்.

ஸ்டெப் 2: ஷாக் அப்சார்பரோட ராடுல ஒரு கேபிள் டைய (பிளாஸ்டிக் கட்டு) இறுக்கி, கீழ வரைக்கும் தள்ளி விட்டுட்டு டிராக்ல ஓட்டுங்க. எவ்ளோ மேல போயிருக்குன்னு பாருங்க. பம்ப் ஸ்டாப்ப (ஷாக் முழுசா அமுங்கும்போது தடுக்குற ரப்பர்) தொட்டிருந்தா அந்தப் பக்கம் திடீர்னு கல்லு மாதிரி ஆகி கிரிப் போயிடும், அங்கதான் ஸ்பிரிங்க பத்தி யோசிக்கணும்.

ஸ்டெப் 3: ஆன்டி ரோல் பார், அதாவது இடது, வலது சக்கரத்து சஸ்பென்ஷன இணைச்சு சாயுறத குறைக்குற முறுக்குக் கம்பி. இதுதான் முக்கியம். கம்பியோட விட்டத்துக்கு நாலாவது அடுக்குல ஸ்டிஃப்னஸ் ஏறும், அதாவது 22 மி.மீ கம்பிய 24 ஆக்கினா 2 மி.மீ தானேன்னு தோணும், ஆனா சுமார் 40% இறுகிடும். முன்னாடி, பின்னாடின்னு எந்தப் பக்கத்த இறுக்குறீங்களோ அந்தப் பக்கந்தான் மொதல்ல கிரிப்ப விடும். மூக்கு வெளிய ஓடுதா, முன் பார லூஸ் பண்ணுங்க, இல்ல பின்னாடி இறுக்குங்க. வால் வீசுதா, அப்டியே உல்டா. பார் முனையில இருக்குற ஓட்டைங்கள்ல உள்பக்க ஓட்டை இறுக்கம், கடைசி ஓட்டை லூஸ். ஒரு தடவைக்கு ஒரு ஓட்டை, முன் பாரோ பின் பாரோ ஏதாவது ஒண்ணுல மட்டும், ஆசைப்பட்டு ரெண்டையும் மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

ஸ்டெப் 4: ஷாக் கிளிக், அதாவது ஷாக்கோட இறுக்கத்த மாத்துற திருகு, கிளிக் கிளிக்னு திரும்பும். இது எவ்ளோ வேகமா சாயுதுங்கறத மட்டுந்தான் மாத்தும், நீளமான வளைவுல கடைசியா எவ்ளோ சாஞ்சு நிக்குதுங்கறத மாத்தாது. முழுசா இறுக்கிட்டு அங்கேந்து லூஸ் பண்ணிக்கிட்டே கிளிக்க எண்ணுங்க, எழுதி வைங்க. நான் எழுதாம பின் லெஃப்ட்ல 6 கிளிக், ரைட்ல 9ன்னு ஒரு மாசம் ஓட்டியிருக்கேன், ஒரு பக்கம் திரும்பினா மட்டும் ஏன் இப்டி பண்ணுதுன்னு டயர திட்டிக்கிட்டே.