லினக்ஸ் பூட் ஆகவில்லையா? உடனே ஃபார்மேட்டுக்குப் போகாதீர்கள்

லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ மின்ட்டோ லோகோவைக் காட்டிவிட்டு அப்படியே நின்றால் பலர் செய்வது ஒன்றுதான், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பார்கள், மறுபடியும் நின்றால் பென்டிரைவைத் தேடி எடுத்து புதிதாக இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடுவார்கள். எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் எதைச் சரிசெய்வது?

பிழைச்செய்தியை மறைப்பதே அந்த லோகோதான். ஆன் செய்ததும் எஸ்கேப் கீயை (யூஇஎஃப்ஐ இல்லாமல் பழைய பயாஸ் முறையில் துவங்கும் கம்ப்யூட்டர் என்றால் ஷிஃப்ட்) தட்டினால் கிரப் மெனு வரும், லினக்ஸைத் துவக்கி வைக்கும் புரோகிராம்தான் கிரப். விடாமல் தட்டித் தள்ளினால் மெனுவுக்குப் பதில் கட்டளை டைப் செய்யும் கிரப் ப்ராம்ப்ட்டில் போய் விழுவீர்கள், அங்கே 'நார்மல்' (normal) என்று டைப் செய்து என்டர் தட்டியதும் இன்னொரு எஸ்கேப், அவ்வளவுதான். மெனுவில் 'இ' (e) கீயை அழுத்தி, 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் உள்ள 'குவயட் ஸ்பிளாஷ்' (quiet splash) இரண்டையும் அழித்து எஃப்10 கொடுங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். இப்போது எல்லாம் வரிவரியாக ஓடும், நின்ற இடத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு கட்டளைத் திரை மட்டும் வரும் எமர்ஜென்சி மோடுக்குப் போகிறதா? பெரும்பாலும் காரணம் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்புதான், பூட் ஆகும்போது எந்தெந்த பார்ட்டிஷன்களை இணைக்க வேண்டும் என்ற பட்டியல் அது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றியிருப்பீர்கள், அல்லது ஒரு பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்ததில் அதன் அடையாள எண்ணான யுயுஐடி மாறியிருக்கும், ஆனால் கோப்பில் பழைய வரி அப்படியே இருக்கும். அந்த வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டு ரீபூட் செய்தால் போதும். சேமிக்க விடவில்லை என்றால் ரூட்டை, அதாவது சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனை, எழுதவும் முடியும்படி ரீட்-ரைட்டாக ரீமவுன்ட் செய்யுங்கள். வெளி டிஸ்க்குகளுக்கு அதே கோப்பில் 'நோஃபெயில்' (nofail) சேர்த்து வைத்தால் இந்தத் தொல்லையே வராது.

அப்டேட்டுக்குப் பிறகு கெர்னல் பேனிக் (சிஸ்டத்தின் மையமான கெர்னலே பிழையால் நின்றுவிடுவது) என்றால் கிரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதனால்தான் பழைய கெர்னல்களை மொத்தமாக அழிக்கக் கூடாது என்பது. பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருந்தாலும் கையால் கோப்புகளை டெலீட் செய்ய வேண்டாம், மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட்டின் ஆட்டோரிமூவ் (apt autoremove) பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் எஃப்எஸ்சிகே (fsck), டிஸ்க்கில் கோப்பு அமைப்பின் பிழைகளைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை. மவுன்ட் ஆகியிருக்கும், அதாவது பயன்பாட்டில் இணைந்திருக்கும் பார்ட்டிஷனில் இதை ஓட்டினால் இருக்கிற டேட்டாவும் கெடலாம். இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, அன்மவுன்ட் செய்த பிறகே ஓட்டுங்கள். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் அதுவும் வேண்டாம், முதலில் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

கிரப்பை மறுபடி நிறுவ வேண்டி வந்தால் லைவ் பென்டிரைவும் அதே முறையில், அதாவது சிஸ்டம் யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய துவக்க முறை) என்றால் அதுவும் யூஇஎஃப்ஐயில் பூட் ஆகியிருக்க வேண்டும், இதைக் கவனிக்காமல் பாதி நாளைத் தொலைப்பவர்கள் நிறைய பேர்.